வீட்டு கார்ட்லெஸ் போன்: மாட்டுவதும் பயன்படுத்துவதும், சேலம் ஏற்காடு வீடுகளுக்கான கேள்வி பதில்

ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் என் பெரியம்மா வீடு இருக்கிறது. சுற்றிலும் காபிச் செடி, மேலே சில்வர் ஓக், அதில் ஏறின மிளகுக் கொடி. பெரியப்பா போன பிறகு அவர் தனியாகத்தான் இருக்கிறார். ஒரு மழைக்காலத்தில் பின்கட்டில் வழுக்கி விழுந்துவிட்டார். போன் முன்கூடத்தில் ஸ்டூல் மேல் இருந்தது. எழுந்து போய் எடுக்க முடியவில்லை. பால் ஊற்ற வந்தவர்தான் பார்த்துத் தூக்கி உட்கார வைத்தார். நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. அடுத்த வாரமே ஒரு கார்ட்லெஸ் போன் வாங்கிக்கொண்டு மலை ஏறினேன்.

அதைப் பார்த்துவிட்டு சொந்தக்காரர்கள், எங்கள் அஸ்தம்பட்டி தெருக்காரர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். இதுவரை பதினோரு வீடுகளில் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே, இது எதற்கு?

மலையில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பள்ளத்தில் இருக்கிற தோட்டத்து வீடுகளில் செல் சிக்னல் ஒரு ஜன்னலோரம் மட்டும் கிடைக்கும். அங்கே நின்றுதான் பேச வேண்டும். வீட்டுக்குள் லேண்ட்லைன் வந்துவிட்டால் அந்த நிலைமை இல்லை.

சேலத்தில் கேட்பவர்களுக்கு என் பதில் வேறு. வயதானவர்களின் விரல் காய்ந்து போயிருக்கும். தொடுதிரை அவர்கள் பேச்சைக் கேட்பதில்லை. அழுத்தினால் உள்ளே போகிற பட்டன், வீடு முழுக்கக் கேட்கிற மணி, எடுத்ததும் பேசலாம் என்கிற எளிமை, இவை அவர்களுக்கு வேண்டும். அப்புறம் அந்த எண். முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் மனப்பாடமான எண் அது. செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடைக்காரர்கள் பில் புத்தகத்தில் அச்சடித்திருப்பது இன்றைக்கும் 0427-ல் தொடங்கும் எண்ணைத்தான்.

கார்ட்லெஸ் என்றால் செல்போன் மாதிரி வெளியே கொண்டு போகலாமா?

முடியாது. வீட்டுக்கு வருகிற டெலிபோன் லைன், பேஸ் எனப்படும் அடிப்பெட்டியோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து கையில் இருக்கிற ஹேண்ட்செட் வரைக்கும் ரேடியோ அலை. பேஸை விட்டுத் தூரம் போகப் போகப் பேச்சு விட்டு விட்டுக் கேட்கும், பிறகு அறுந்துவிடும். கடைத்தெருவுக்கு எடுத்துப் போனால் அது வெறும் பிளாஸ்டிக்.

இப்போது விற்பவை பெரும்பாலும் டெக்ட் என்ற டிஜிட்டல் முறையில் வேலை செய்கிறவை. ஐரோப்பாவில் உருவான தரம் இது. 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைவரிசையைப் பத்துத் தடங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தடத்தையும் நேரத்தில் 24 துண்டுகளாக வெட்டி, ஒரு பேச்சுக்கு இரண்டு துண்டு கொடுக்கிறார்கள். நீங்கள் பேசுவது ஒன்றில் போகும், எதிராளி பேசுவது இன்னொன்றில் வரும். எந்தத் தடம் காலியாக இருக்கிறது என்று போனே தேடிக்கொள்ளும். அதனால்தான் ஒரே அபார்ட்மென்டில் பத்துப் பேர் வைத்திருந்தாலும் ஒன்றோடொன்று மோதுவதில்லை.

பெட்டியில் “வீட்டுக்குள் 50 மீட்டர், வெட்டவெளியில் 300 மீட்டர்” என்று போட்டிருப்பார்கள். வெட்டவெளி என்றால் நடுவில் சுவரோ மரமோ எதுவும் இல்லாத மைதானம். நம் வீடுகளில் அது எவ்வளவு குறையும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

வீட்டுக்கு ஃபைபர் வந்துவிட்டது. பழைய தாமிர ஒயரை எடுத்துவிட்டார்கள். கார்ட்லெஸ் வேலை செய்யுமா?

நன்றாக வேலை செய்யும். ஃபைபர் வந்து சேருகிற பெட்டியை ஓஎன்டி என்பார்கள். அதன் பின்புறம் வரிசையாகத் துளைகள் இருக்கும். நான்கு பெரியவை இன்டர்நெட் கேபிளுக்கு. பக்கத்தில் சற்றுச் சிறியதாக ஒன்றோ இரண்டோ இருக்கும். டெல், போன், பாட்ஸ் என்று ஏதாவது ஒன்றை ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். டெலிபோன் ஒயர் அதில்தான் போக வேண்டும். போன் முனை சின்னதாக இருப்பதால் பெரிய துளையிலும் நுழைந்துவிடும். அங்கே செருகினால் டயல் டோன் வராது, உள்ளே இருக்கிற கம்பிகளும் வளைந்துபோகலாம். சரியான துளையில் “டக்” என்ற சத்தம் கேட்கும். மெல்ல இழுத்துப் பார்த்தாலும் வராது.

ஓஎன்டி முன்பக்கத்தில் போன் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அது எரியாவிட்டால் உங்கள் போனில் குற்றமில்லை. லைன் கொடுத்தவர்கள் அந்த எண்ணை அந்தப் பெட்டியில் இன்னும் ஏற்றவில்லை என்று அர்த்தம். அவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று. டயல் செய்யும் முறை டோன், பல்ஸ் என்று இரண்டு உண்டு. போனின் மெனுவிலோ அடியில் உள்ள சுவிட்சிலோ டோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல ஓஎன்டி பெட்டிகளுக்குப் பழைய பல்ஸ் முறை புரியாது. நீங்கள் எண்ணை அழுத்திக்கொண்டே இருப்பீர்கள், டயல் டோன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும்.

இன்னும் தாமிர லைன்தான். அதிலேயே பிராட்பேண்டும் வருகிறது. பேச்சில் “ஸ்ஸ்ஸ்” என்று இரைச்சல்.

சுவரிலிருந்து வரும் ஒயர் முதலில் ஸ்ப்ளிட்டர் என்ற சின்னப் பெட்டிக்குப் போக வேண்டும். அதிலிருந்து ஒரு ஒயர் மோடத்துக்கு, ஒரு ஒயர் போனுக்கு. அது இல்லாமல் நேராக மாட்டினால் இன்டர்நெட்டின் இரைச்சல் பேச்சில் கலக்கும். ஸ்ப்ளிட்டர் இருந்தும் இரைச்சல் என்றால் சுவர்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மலை ஈரத்தில் தாமிர முனை பச்சை பூத்திருக்கும். அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டினால் சரியாகும்.

பேஸை எங்கே வைப்பது?

எல்லாக் கேள்வியிலும் பெரிய கேள்வி இதுதான். நான் போன வீடுகளில் பாதிக்கு மேல், போன் சரியில்லை என்று சொன்ன இடத்தில் போன் நன்றாகத்தான் இருந்தது. பேஸ் இருந்த இடம்தான் சரியில்லை. லைன் எங்கே வருகிறதோ அங்கேயே வைத்துவிடுகிறார்கள். லைன் வரும் இடம் அநேகமாக வாசலோரம் மூலையில், ஷூ அலமாரிக்குப் பின்னால், மீட்டர் பெட்டிக்கு அடியில் இருக்கும். வீட்டில் மனிதர்கள் புழங்குவதோ பின்கட்டில்.

பெரியம்மா வீடு வெள்ளைக்காரர் காலத்துக் கல் கட்டடம். சுவர் ஒன்றரை அடிக்குக் குறையாது. முன்கூடத்தில் பேஸ் இருந்தபோது சமையலறை வரை கேட்டது. பின்கட்டில் கால் வைத்ததும் “டொய்ங் டொய்ங்” என்று எச்சரிக்கை மணி அடித்து அறுந்தது. நடுவில் மூன்று கல் சுவர். நான் செய்தது இதுதான். சேலத்தில் இருக்கிற என் தங்கையை லைனில் கூப்பிட்டு, ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருக்கச் சொன்னேன். ஹேண்ட்செட்டைக் காதில் வைத்துக்கொண்டு கூடம், சமையலறை, பின்கட்டு, குளியலறை, காபிக் களம் என்று நடந்தேன். எண்ணிக்கை எங்கே விட்டுப்போகிறதோ அங்கே சாக்பீஸால் தரையில் ஒரு கோடு. பிறகு பேஸை நடு ரேழியில் ஜன்னல் திண்டின் மேல் வைத்து மறுபடியும் நடந்தேன். இரண்டாவது முறை கோடு போடுகிற வேலையே வரவில்லை, களத்தின் கடைசி மூலையில் தவிர. ஆணி அடிப்பதற்கு முன்னால் இப்படி ஒரு நடை நடந்துவிடுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும்.

பேஸை இடம் மாற்ற, பெரிய கடைகளில் கிடைக்கும் நீளமான டெலிபோன் ஒயர் போதும். லைனை இழுப்பது சுலபம், அலையை இழுப்பது கஷ்டம். பக்கத்தில் கரன்ட் பாயின்ட் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

எதெல்லாம் அலையைத் தடுக்கும்? இரும்பும் தண்ணீரும். பீரோ, ஃபிரிட்ஜ், இரும்பு ஷட்டர், நிரம்பிய தண்ணீர்த் தொட்டி. குகை, செவ்வாய்ப்பேட்டை பக்கம் முன்னால் கடை, பின்னால் வீடு என்று நீளமாகப் போகிற கட்டடங்களில் நடுவில் ஒரு இரும்புக் கதவு இருந்தால் அதுவே போதும். கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற ஒருவர் வீட்டில், பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே தகரத் தடுப்பு. பேஸைத் தடுப்புக்கு மேலே உயரமாக, கூரைக்கு இரண்டடி கீழே மாட்டியதும் இரண்டு பக்கமும் கேட்டது. உயரத்தில் வைப்பது எப்போதும் நல்லது. தரையோடு வைத்தால் கட்டில், மேஜை, மனிதர்கள் என்று எல்லாம் குறுக்கே வரும்.

மலையில் ஒரு நம்பிக்கை உண்டு, மூடுபனி இறங்கினால் போன் கேட்காது என்று. இந்த அலைவரிசையை மூடுபனி தடுப்பதில்லை. மழையில் நனைந்த இலைதான் தடுக்கும். வீட்டுக்கும் களத்துக்கும் நடுவே அடர்த்தியாகச் செடி இருந்தால், வெயில் நாளில் கேட்டது மழை நாளில் கேட்காமல் போகலாம். அதனால் சோதனை நடையை ஒரு மழை நாளில் செய்தால் இன்னும் நல்லது.

வைஃபை ரவுட்டர் பக்கத்தில் வைக்கலாமா என்றும் கேட்பார்கள். டெக்ட் போனும் வைஃபையும் வெவ்வேறு அலைவரிசை, மோதாது. ஆனாலும் ஒரு முழம் தள்ளி வைக்கவே சொல்வேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிற பழைய வகை கார்ட்லெஸ் என்றால் அது வைஃபையோடு நேரடியாக மோதும்.

வாங்கி வந்ததும் உடனே பேசலாமா?

பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் நீட்டிக்கொண்டிருந்தால் அதை இழுத்து எடுங்கள். எடுக்காவிட்டால் சார்ஜே ஏறாது. பிறகு கையேட்டில் சொன்ன நேரம் பேஸிலேயே விட்டுவிடுங்கள். மாடலைப் பொறுத்து ஏழு எட்டு மணி நேரம், சிலவற்றில் பதினாறு மணி நேரம். ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் எடுப்பது நல்ல வழக்கம். தேதியும் நேரமும் பல ஊர்களில் முதல் அழைப்பு வந்ததும் தானாகச் சரியாகும். இல்லாவிட்டால் மெனுவில் கையால் போட்டுக்கொள்ளலாம்.

பேட்டரி போய்விட்டது. கடையில் கிடைக்கிற பென்சில் செல் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். ரிமோட்டுக்குப் போடுகிற சாதாரண செல்லை இந்த ஹேண்ட்செட்டில் போட்டுச் சார்ஜில் வைத்தால் அது சூடாகி ஒழுகும், வெடிக்கவும் கூடும். ஹேண்ட்செட்டுக்கு வேண்டியது சார்ஜ் ஏறக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல். பார்க்க அதே சின்னப் பென்சில் செல் அளவுதான். மேலே 1.2 வோல்ட் என்று போட்டிருக்கும். சாதாரண செல்லில் 1.5 வோல்ட். கடையில் அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஹேண்ட்செட்டில் உள்ள இரண்டு செல்லையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள், ஒன்று புதிது ஒன்று பழையது என்று கலக்காதீர்கள்.

செல் எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்பதைக் காட்ட எம்ஏஎச் என்று ஒரு எண் இருக்கும். பழைய செல்லில் 550 என்றிருந்தால் அதை ஒட்டியே வாங்குங்கள். அதிகம் போட்டால் அதிக நேரம் வரும் என்று 1000 வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. பேஸ் மெதுவாகத்தான் ஏற்றும் என்பதால் அது நிரம்பவே வெகுநேரம் ஆகும்.

அம்மாபேட்டையில் ஒரு அத்தை வீட்டில் “போன் செத்துப்போச்சு, புதுசு வாங்கணும்” என்று கூப்பிட்டார்கள். மூடியைக் கழற்றினேன். செல்லின் ஒரு முனையில் உப்பு மாதிரி வெள்ளைப் பூ. அது பட்ட ஸ்பிரிங்கும் கறுத்திருந்தது. செல் இரண்டையும் எடுத்துவிட்டு, பஞ்சைக் கொஞ்சம் வினிகரில் தொட்டு அந்தப் பூவைத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்தேன். ஹேண்ட்செட்டின் அடியில் பேஸைத் தொடுகிற இரண்டு உலோகப் புள்ளிகளையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிப்பானால் தேய்த்தேன். புது செல் போட்டு வைத்ததும் சார்ஜ் விளக்கு எரிந்தது. அந்தப் போன் இன்னும் ஓடுகிறது. அந்த உலோகப் புள்ளிகளை மாதம் ஒருமுறை துடைப்பது மலை வீடுகளில் கட்டாயம்.

கரன்ட் போனால் போனும் போய்விடுமா?

போய்விடும். வாங்கும்போது கடைக்காரர் சொல்லாமல் விடுவது இதைத்தான். பழைய ஒயர் போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து தாமிர லைன் வழியாகவே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. வீட்டில் கரன்ட் இல்லாவிட்டாலும் பேசினோம். கார்ட்லெஸ் பேஸுக்கு நம் வீட்டுக் கரன்ட் வேண்டும். ஃபைபர் என்றால் ஓஎன்டி-க்கும் வேண்டும். ஹேண்ட்செட்டில் பேட்டரி நிறைய இருந்தாலும் பேஸ் அணைந்தால் பயனில்லை.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஓஎன்டி, பேஸ் இரண்டையும் அதன் பாயின்டில் மாட்டிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரவுட்டருக்கென்று விற்கிற சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் வாங்குவார்கள். ஓஎன்டி 12 வோல்ட் என்றால் அதற்குப் பொருந்தும். ஆனால் போன் பேஸின் அடாப்டர் பெரும்பாலும் 5.5, 6.5 வோல்ட் என்று குறைவாக இருக்கும். முனை பொருந்துகிறதே என்று 12 வோல்ட்டை அதில் செருகினால் பேஸ் கருகிவிடும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. பழைய ஒயர் போன் ஒன்றைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஓஎன்டி-க்கு மட்டும் யூபிஎஸ் கொடுத்துவிட்டு, அதில் இந்த ஒயர் போனையும் இணைத்துவிட்டால் போதும். அதற்குத் தனிக் கரன்ட் தேவையில்லை, ஓஎன்டி-யின் போன் துளையே கொடுத்துவிடும். பெரியம்மா வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. ஏற்காட்டில் காற்றடித்து மரம் விழுந்து கரன்ட் போகிற நாளில்தான் போன் அதிகம் தேவைப்படுகிறது. கார்ட்லெஸ் வாங்குகிற செலவோடு இந்த ஏற்பாட்டையும் ஒரே செலவாக நினைத்துச் செய்யுங்கள்.

இடி மின்னல் நேரத்தில் என்ன செய்வது?

ஏப்ரல், மே மாதத்துக் கோடை மழையில் இந்தப் பக்கம் இடி பலமாக இருக்கும். இடி தூரத்தில் கேட்கும்போதே பேஸின் அடாப்டரைக் கழற்றுங்கள். தாமிர லைன் என்றால் லைன் ஒயரையும் சேர்த்து. ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஓடாது. ஆனால் கரன்ட் ஒயர் வழியாக மின்னல் வந்து ஓஎன்டி-யைச் சுடும், அங்கிருந்து பேஸுக்கும் பாயும். அதனால் ஓஎன்டி-யின் அடாப்டரையும் கழற்றுவது நல்லது. எங்கள் தெருவில் ஒரே மழையில் மூன்று வீட்டு அடாப்டர் போயிற்று. அவசரமாகப் பேசியே ஆக வேண்டும் என்றால், ஒயர் போனைவிடக் கையில் உள்ள கார்ட்லெஸ் ஹேண்ட்செட் பாதுகாப்பானது. உங்கள் உடம்பைத் தொடுகிற ஒயர் அதில் இல்லை.

செல்போன் எண்ணைப் போட்டால் “எண்ணைச் சரிபார்க்கவும்” என்று வருகிறதே?

முன்னால் 0 போடுங்கள். 15 ஜனவரி 2021 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் பேச 0 சேர்த்துத்தான் பத்து இலக்கத்தைப் போட வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வந்த அழைப்புகளின் பட்டியலில் செல் எண் 0 இல்லாமல் விழும். அதிலிருந்து அப்படியே திரும்பக் கூப்பிட்டால் போகாது. வயதானவர்கள் இதில்தான் குழம்பி “பையன் நம்பர் வேலை செய்யல” என்பார்கள். முக்கியமான பத்து எண்களை 0 சேர்த்துப் போன்புக்கில் பதிந்து வைத்துவிடுங்கள்.

சேலத்துக்குள் லேண்ட்லைனுக்கு எண்ணை மட்டும் போட்டால் போதும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 0427, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 04281 சேர்க்க வேண்டும். 112, 108 இரண்டுக்கும் எதுவும் சேர்க்கக் கூடாது, அப்படியே போட வேண்டும்.

யார் கூப்பிடுகிறார்கள் என்று திரையில் தெரியவில்லை.

உங்கள் லைனில் அந்த வசதியைக் கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். கொடுத்திருந்தும் வரவில்லை என்றால், மெனுவில் கூப்பிடுகிறவர் எண்ணை வாங்கிக் காட்ட எஃப்எஸ்கே, டிடிஎம்எஃப் என்று இரண்டு முறைகள் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் பாருங்கள். வாங்கும்போதே இரண்டும் உள்ள மாடலாகக் கேட்பது நல்லது.

மாடியில் இன்னொரு ஹேண்ட்செட் வேண்டும். தனி லைன் வேண்டுமா?

வேண்டாம். ஒரே பேஸில் பல ஹேண்ட்செட் சேர்க்கலாம், பல மாடல்களில் நான்கு அல்லது ஆறு வரை. பேஸில் உள்ள பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, புது ஹேண்ட்செட்டின் மெனுவில் பதிவு என்பதைத் தேர்ந்தெடுத்தால் நான்கு இலக்க எண் கேட்கும். நீங்கள் மாற்றியிருக்காவிட்டால் அது பெரும்பாலும் 0000. வெவ்வேறு கம்பெனி ஹேண்ட்செட்டும் சேரும், கேப் என்ற பொதுத் தரம் இரண்டிலும் இருந்தால். ஆனால் பேசுவது மட்டும்தான் உறுதி. போன்புக்கைப் பகிர்வது போன்றவை வராமல் போகலாம். அதனால் ஜோடியாகவே வாங்குவது மேல்.

சேர்த்துவிட்டால் ஒரு கூடுதல் பயன், மாடிக்கும் கீழுக்கும் காசில்லாமல் பேசிக்கொள்ளலாம். “சாப்பிட வாங்க” என்று படிக்கட்டில் நின்று கத்துவது எங்கள் வீட்டில் நின்றுவிட்டது.

காது சரியாகக் கேட்காதவர்களுக்கு எப்படி அமைப்பது?

மணிச் சத்தத்தை உச்சத்துக்கு வையுங்கள், ஆனால் மெல்லிய கீச்சு மணியை விட்டுவிட்டுக் கனத்த குரலில் அடிக்கிற மணியைத் தேர்ந்தெடுங்கள். வயதான காதுக்கு முதலில் போவது கீச்சுச் சத்தம்தான். பேச்சின் ஒலி அளவு தனி. பேசிக்கொண்டிருக்கும்போது கூட்ட வேண்டும். காதுக் கருவி போட்டிருப்பவர்கள் ஹேண்ட்செட்டைக் காதுத் துளையில் அழுத்தாமல், கருவியின் மைக் இருக்கும் இடத்துக்கு நேராக, காதுக்குச் சற்று மேலே பிடித்தால் விசிலடிக்காது.

2, 3, 4 பட்டன்களில் பிள்ளைகளின் எண்ணைப் பதிந்து, அழுத்திப் பிடித்தால் போகும்படி வையுங்கள். பெரியம்மாவுக்கு 2 நான், 3 தங்கை, 4 பக்கத்து எஸ்டேட் மேஸ்திரி. அந்த மூன்று பட்டன் மேலும் சிவப்பு, மஞ்சள், பச்சை நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். கண்ணாடி போடாமலே அவருக்குத் தெரிகிறது. முக்கியமானது, ஸ்வெட்டர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே நடக்கப் பழக்கினேன். முதல் பத்து நாள் தினமும் கூப்பிட்டு “எங்கே இருக்கீங்க, கையில் இருக்கா?” என்று கேட்டேன். இப்போது அவராகவே குளியலறை ஜன்னல் திண்டு வரை எடுத்துப் போகிறார்.

மணியே அடிப்பதில்லை, ஆனால் நாங்கள் கூப்பிட்டால் போகிறது.

பல மாடல்களில் நட்சத்திரக் குறி பட்டனை அழுத்திப் பிடித்தால் மணி நின்றுவிடும். பாக்கெட்டில் இருக்கும்போது தானாக அமுங்கியிருக்கும். திரையில் கோடு போட்ட மணிப் படம் தெரிகிறதா என்று பாருங்கள். மறுபடி அழுத்திப் பிடித்தால் சரியாகும். இராத்திரி அமைதி நேரம் வைக்கிற வசதி ஆன் ஆகியிருந்தாலும் இப்படி ஆகும். இரண்டும் இல்லை என்றால் ஒயர் போனை அதே லைனில் மாட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். அதுவும் அடிக்கவில்லை என்றால் கோளாறு லைனில்.

அமெரிக்காவிலிருந்து பையன் ஒன்று கொண்டு வந்தான். போடலாமா?

போடாதீர்கள். அங்கே விற்கும் டெக்ட் போன் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிறது. நம் நாட்டில் 1920-லிருந்து மேலே இருப்பது செல்போன்கள் டவரோடு பேசுகிற வரிசை. உங்கள் வீட்டுப் போன் சுற்றுவட்டாரத்துச் செல் சேவையைக் கெடுக்கும். தவிர, அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்ததாக இருந்தால் நம் 230 வோல்ட்டில் அந்த நிமிடமே புகையும். பையனிடம் மனம் நோகாமல் சொல்லிவிட்டு, இங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் நம் பேச்சைக் கேட்க முடியுமா? கதிர்வீச்சு பயம் உண்டா?

ஏரியல் நீட்டுகிற பழைய அனலாக் கார்ட்லெஸ்களில் பக்கத்து வீட்டுப் பேச்சு உண்மையிலேயே கேட்கும். டெக்டில் பேச்சைப் பூட்டி அனுப்பும் வசதி இருக்கிறது, சாதாரணமாக யாரும் கேட்க முடியாது. பழைய அனலாக் இன்னும் வைத்திருந்தால் வங்கி விவரங்களை அதில் பேசாதீர்கள்.

கதிர்வீச்சைப் பொறுத்தவரை, ஹேண்ட்செட் அனுப்பும்போது 250 மில்லிவாட். ஆனால் 24 துண்டு நேரத்தில் ஒரு துண்டில்தான் அனுப்புகிறது. சராசரி எடுத்தால் சுமார் 10 மில்லிவாட். நான் தலைமாட்டில் பேஸை வைப்பதில்லை, அவ்வளவுதான். மற்றபடி இதற்காகப் பயந்து போனைத் தவிர்க்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஹேண்ட்செட்டை எங்கேயோ வைத்துவிட்டோம்.

பேஸில் இருக்கிற பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், ஹேண்ட்செட் கத்தும். பெரியம்மாவுடையது ஒருமுறை களத்தில் மிளகு காயப்போட்ட சாக்குக்கு அடியில் கிடைத்தது, இன்னொருமுறை அரிசி டிரம்மின் மூடிக்குப் பின்னால். ஹேண்ட்செட்டில் சார்ஜ் இருக்கும் வரைக்கும்தான் கத்தும். காணோம் என்று தெரிந்த அன்றைக்கே தேடிவிடுங்கள்.